ஜ என்று அடித்தால்

நாகூரில் அப்துல் வஹாப் வீட்டுக் கூடத்துப் போன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் நாலு மணிக்கு அடிக்கும். சார்ஜாவிலிருந்து வீடியோவில் மாப்பிள்ளை சமீர். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் வாங்குவார். ஸலாம் சொல்லி, அங்கே வெயில் எப்படி, இங்கே மழை எப்படி என்று நாலு வார்த்தை பேசிவிட்டு மனைவி மெஹராஜ் பேகத்திடம் கொடுப்பார். மாப்பிள்ளை இளைத்துவிட்டார் என்று அந்தம்மா வாராவாரம் புதிதாகக் கண்டுபிடிப்பார். அடுத்து, இதற்கென்றே பக்கத்துத் தெருவிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் சமீரின் தாயார் ஜன்னத் பீவி. அப்புறம் சமீரின் மகள் ஆசியா. இத்தனை கை மாறி, முதுகு சூடேறி, சார்ஜ் பதினைந்தில் வந்து நிற்கும்போதுதான் போன் ஜஸீலாவிடம் வரும். கட்டின பெண்டாட்டி அவள்.

வந்து என்ன புண்ணியம்? கூடத்தை விட்டு ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். எழுந்து போனால் அதுதான் அசிங்கம். 'புருஷன் பெண்டாட்டி பேசட்டும் என்று ஒதுங்கினார்கள்' என்று ஆகிவிடும். ஆகவே எல்லோரும் பெரிய மனசு பண்ணி, காதைத் தீட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. உடம்பு?"

"நல்லாருக்கேன். நீ?"

"நல்லாருக்கேன்."

பத்தொன்பது வருடக் கல்யாணத்தில் கடல் தாண்டிப் போய் வந்தது இந்த ஐந்து வரிதான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் சமீர் வருவான். அந்த மாதங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தாலும் அவர்கள் சேர்ந்து இருந்தது இரண்டு வருடம் தேறாது.

லீவில் வந்தால் சமீர் இருப்பதே பெண் வீட்டில்தான். அந்தத் தெருக்களின் வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து இருக்க வேண்டும். வந்த மாப்பிள்ளைக்கு மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டார்கள். நாலு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் நல்ல கறித்துண்டு அவர் பக்கம்தான் தள்ளப்படும். அவர் தூங்கினால் வீடே கால்நுனியில் நடக்கும். ஆனால் அந்த மரியாதை எல்லாம் சம்பாதிக்கப் போய் லீவில் வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு. ஒரேயடியாக வந்து மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளைக்குக் கறித்துண்டு எந்தப் பக்கம் போகும் என்பது தெருவில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. சமீரும் கேட்டதில்லை.

ஜஸீலா உட்கார்ந்து உருகிக்கொண்டிருக்கிற ரகமில்லை. அவளுக்கு ஆரி வேலை தெரியும். ஜன்னலோரம் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஊசியால் முத்தும் ஜரிகையும் கோத்து, கல்யாண ரவிக்கைக்குக் கழுத்தும் கையும் போட்டுத் தருவாள். நன்னிலத்திலிருந்துகூடத் துணி வரும். முகூர்த்த மாதங்களில் மூச்சு விட நேரமிருக்காது. அதெல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு லீவும் முடிந்து அவன் விமானம் ஏறியதும் அவன் படுத்த தலையணை உறையை மட்டும் அவள் துவைக்கமாட்டாள். பத்து நாள், பன்னிரண்டு நாள். "எதுக்குடி அந்த அழுக்கு உறை?" என்று மெஹராஜ் பேகம் கேட்டால், "சோப்பு தீந்துடுச்சு" என்பாள். வாசனை குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் அது வெறும் பஞ்சு ஆகிவிடும். அன்றைக்குத் துவைப்பாள்.

அவனோடு தனியாகப் பேச வழியே இல்லையா என்றால், இருந்தது, அவர்களே அடைத்துக்கொண்டார்கள். தனிப் போன் வாங்கித் தருகிறேன் என்று சமீர் இரண்டு தடவை சொன்னான். "வீட்டுலயே இருக்கிறவளுக்கு எதுக்கு?" என்று அவளே மறுத்தாள். அப்படி மறுப்பதுதான் லட்சணம் என்று வளர்க்கப்பட்டவள். ஆகவே கூடத்துப் போன் எல்லோருக்கும் பொது. அதில் வரும் செய்தியை யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் உரக்கப் படிப்பார்கள். அங்கே சமீர் இருப்பது ஏழு பேர் தங்கும் ரூம்.

போன லீவில் அவன் ஒரு லேப்டாப் கொண்டுவந்தான். ஆங்கில எழுத்தோடு அரபி எழுத்தும் அச்சடித்த கீபோர்டு. நாகப்பட்டினத்தில் பொருளாதாரம் படிக்கும் ஆசியாவுக்கு என்றுதான் வாங்கினான். தமிழ் அடிக்க வசதி செய்தான். அவசரத்துக்குத் தன் அக்கவுண்டையே அதில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். அவன் கைபோனில் இருப்பதும் அதே அக்கவுண்டு. அதனால் என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவில்லை.

ஆசியா கல்லூரிக்குப் போனதும் லேப்டாப் ஜஸீலாவின் சட்டத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். புது டிசைன் பார்ப்பாள். பிரவுசரின் உச்சியில் ஒரு நீளக் கட்டம் இருக்கிறதே, ஆசியா அதை அட்ரஸ் பார் என்பாள். ஜஸீலாவுக்கு அது மேல்கட்டம். அதில் நாலு எழுத்து அடித்தால் போதும், தேடிக் கொடுக்கும். முன்பு தேடியதையும் ஞாபகம் வைத்திருந்து, சின்னக் கடிகாரக் குறியோடு கீழே வரிசையாக நீட்டும்.

ஒரு நாள் 'முத்து வேலை கழுத்து' என்று தேடப் போனாள். 'மு' அடித்ததும் கடிகாரக் குறியோடு ஒரு வரி வந்து நின்றது: 'முட்டி வலி நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு.'

அவள் அதைத் தேடவில்லை. ஆசியாவுக்கு முட்டி வலிக்கிற வயசில்லை. அப்துல் வஹாப் இந்தப் பெட்டியைத் தொடவே பயப்படுவார். யோசித்துக்கொண்டே 'க' என்று அடித்தாள். 'கடை வாடகை நாகூர் பஸ் ஸ்டாண்டு' என்று வந்தது. 'இ' அடித்தாள். 'இறால் வாடா செய்வது எப்படி.' சமீர் அங்கே தேடியதுதான் இங்கே வருகிறது என்று புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பைக் கண்டாலே தீயணைப்பு வண்டியைத் தேடுகிற மனுஷன் நாகூர்ப் பலகாரம் வாடா சுட்டானா! 'தூ' அடித்தாள். 'தூக்கம் வர ஓத வேண்டிய துஆ.' 'ந' அடித்தாள். 'நாகூரில் இன்று மழையா.' சிரிப்பு நின்றுவிட்டது. வாராவாரம் மாமனாரிடம் மழை பற்றி ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்கிறானே, அந்த ஆள் தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து நாகூர் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். 'ஊ' அடித்தாள். 'ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் செய்யும் தொழில்.'

அன்றைக்கு ஊசி சட்டத்தில் குத்தியபடியே நின்றது. அரிச்சுவடியில் எத்தனை எழுத்து உண்டோ அத்தனையையும் அடித்துப் பார்த்தாள். நல்லாருக்கேன், நல்லாருக்கேன் என்று வாராவாரம் சொன்ன மனுஷனின் உண்மை எல்லாம் அந்தக் கட்டத்துக்கு அடியில் கிடந்தது. அவளுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. முட்டி வலி என்று பெண்டாட்டியிடம் சொல்ல முடியாத மனுஷன் ஊர் உலகத்துக்கே பொதுவான ஒரு பெட்டியிடம் சொல்லியிருக்கிறானே!

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அவன் அடித்தது இங்கே வருகிறதென்றால், தான் அடிப்பதும் அங்கே போகத்தானே வேண்டும்? மேல்கட்டத்தில் அடித்தாள்: 'முட்டி வலிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க. குதிகாலுக்கு மெத்துனு செருப்பு வாங்குங்க.' எண்டரைத் தட்டினாள். பெட்டி தன் புத்திக்கு எட்டியபடி ஆஸ்பத்திரி விளம்பரமும் செருப்புக் கடையும் காட்டியது. அதை யார் பார்த்தார்கள்?

ஐந்தாம் நாள் 'மு' அடித்தாள். 'முட்டி வலி பரவால்ல. செருப்பு வாங்கியாச்சு. இது யாரு, ஜஸீலாவா?' என்று கடிகாரக் குறியோடு வந்திருந்தது.

அதற்குப் பிறகு அது அவர்களுடைய தபால் ஆபீஸ் ஆயிற்று. எந்த எழுத்தை அடித்தால் மற்றவர் எழுதியது வரும் என்று தெரிய வேண்டும் அல்லவா? பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. அவன் எழுதுவதெல்லாம் 'ஜஸீலா' என்று தொடங்கும். அவள் எழுதுவதெல்லாம் 'மச்சான்' என்று தொடங்கும். அவள் இங்கே 'ஜ' அடிப்பாள். அவன் அங்கே 'ம' அடிப்பான்.

'ஜஸீலா நேத்து கனவுல நம்ம ஜன்னல் வந்துச்சு.' 'மச்சான் ஜன்னல் மட்டும்தானா?' 'ஜஸீலா நீயும்தான், அதை எப்படி எழுதறது.' 'மச்சான் தலகாணில உங்க வாசனை போயிடுச்சு.' இப்படி எட்டு மாதம். வெள்ளிக்கிழமை கூடத்தில் மட்டும் அதே ஐந்து வரி. ஆனால் இப்போது "நல்லாருக்கேன்" என்று சொல்லும்போது இருவர் உதட்டிலும் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும். மாப்பிள்ளை கொஞ்சம் தெளிந்திருக்கிறார் என்று மெஹராஜ் பேகமே சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை 'ஜ' அடித்தாள். இந்தத் தடவை வரி நீளமாக இருந்தது. 'ஜஸீலா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கம்பெனில கையெழுத்து கேக்கறாங்க. இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள சொல்லணும். போடவா, ஒரேயடியா வந்துடவா. நீ வேணும்னு சொன்னா வந்துடுறேன்.'

அவள் உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வா என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு ஆசை தொண்டை வரைக்கும் இருந்தது. ஆனால் வந்து, கூடத்தில் உட்கார்ந்து, தன் வாப்பா அப்துல் வஹாபின் முகம் கொஞ்சம் மாறி, அதைப் பார்த்து அவன் முகம் மாறினால்? பெண்டாட்டி கூப்பிட்டதால் வந்து கெட்டேன் என்று ஒரு நாள் நினைத்துவிட்டால்? வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தாள். அன்றைய போனில் அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு உடம்பை விசாரித்தாள். சனிக்கிழமை துணி தைத்தபடியே முடிவுக்கு வந்தாள். ஜரிகையும் முத்தும் வாங்க ஒவ்வொரு தடவையும் தஞ்சாவூர் வரை ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கடையை நாகூரிலேயே அவன் வைக்கட்டும். அவள் வேலை உள்ளே, அவன் கடை வாசலில். யார் என்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமை சாயங்காலம் மேல்கட்டத்தில் அடித்தாள்: 'மச்சான் கையெழுத்து போடாதீங்க. வந்துடுங்க. நீங்க வேணும்.' எண்டரைத் தட்டிவிட்டு, யாரோ பார்த்துவிட்டதுபோல் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பெட்டி வழக்கம்போல் சம்பந்தமில்லாமல் ஏதேதோ காட்டியது.

அவளுக்குத் தெரியாதது அன்று காலையிலேயே நடந்து முடிந்திருந்தது.

காலையில் ஆசியாவுக்கு ஆன்லைன் வகுப்பு. மேடமும் ஐம்பத்து மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, தன் திரையை எல்லோருக்கும் காட்டி அவள் பாடம் நடத்த வேண்டிய முறை. மக்கள்தொகை பற்றி ஒரு பக்கத்தைத் திறக்க மேல்கட்டத்தில் 'ம' என்று அடித்தாள். ஐம்பத்து நாலு திரையிலும் தெளிவாக வந்து நின்றது: 'மச்சான் தலகாணில உங்க வாசனை போயிடுச்சு.'

எல்லோரும் அதைப் படித்து முடித்தார்கள். அப்புறம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஆசியா, பாடத்துக்கு வாம்மா" என்றார் மேடம். அவர் குரலிலேயே சிரிப்பு இருந்தது. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது போதாதா? பாடத்தை எப்படி முடித்தாளோ அவளுக்கே தெரியாது. முடித்ததும் நேராக செட்டிங்ஸுக்குப் போனாள். வாப்பாவின் அக்கவுண்டை நீக்கினாள். அடித்து வைத்திருந்த அத்தனையையும் அழித்தாள். மேல்கட்டத்தில் அடிக்கும் வார்த்தை, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத வேறொரு தேடுபொறிக்குப் போகும்படி மாற்றினாள். இனி அந்தக் கட்டம் தேடும், மறக்கும். யார் சொன்னதையும் யாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்காது. உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வாள்?

ஜஸீலா ஞாயிறன்று 'ஜ' அடித்தாள். ஜவுளிக்கடை, ஜன்னல் டிசைன் என்று ஊரார் தேடுவதெல்லாம் வந்தது. கடிகாரக் குறி எதிலும் இல்லை. அவன் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். திங்கள், செவ்வாய், புதன். சோறு வடிக்கும் நடுவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அடித்துப் பார்ப்பாள். வியாழக்கிழமைக்குள் அந்த ஒரு எழுத்தை எத்தனை தடவை அடித்தாளோ.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போன் வந்தது. மாமனாரிடமே சொல்லிவிட்டான்.

"மாமா, கம்பெனில இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கேக்கறாங்க. திங்கக்கெழம கையெழுத்து போடலாம்னு இருக்கேன்."

"மாஷா அல்லாஹ்! நல்லது மாப்ள" என்றார் அப்துல் வஹாப். ஜன்னத் பீவி முந்தானையைக் கண்ணில் வைத்தாலும் கையேந்தி துஆ கேட்டார். ஆசியா போனை வாங்கி, வாப்பா முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுக் கொடுத்தாள்.

ஜஸீலாவுக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. வந்துடுங்க என்று சொல்லிவிட்டேனே. வேணும் என்று சொல்லிவிட்டேனே. படித்துவிட்டா கையெழுத்துப் போடுகிறான்?

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு." அவன் அவளையே பார்த்தான். "வேற ஒண்ணும் சொல்லணுமா?"

கூடத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேற என்ன. உடம்ப பாத்துக்கங்க" என்றாள்.

திங்கட்கிழமை ஆசியாவுக்குக் கல்லூரி விடுமுறை. பத்தரை மணிவாக்கில் தண்ணீர் குடிக்க வந்தவள், உம்மா சட்டத்தை விட்டுவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஒரு எழுத்தை அடிப்பாள், பார்ப்பாள், அழிப்பாள். மறுபடி அதே எழுத்து.

"என்ன உம்மா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஜரிகை டிசைன்."

"நகருங்க, நான் எடுத்துத் தர்றேன்."

"வேணாம்மா" என்றாள் ஜஸீலா. ஆனால் விரல் மறுபடியும் ஜ-வில்தான் போய் நின்றது. ஆசியா குனிந்து உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது நாளாக உள்ளே குமைந்துகொண்டிருந்தது உடைந்துவிட்டது.

"உம்மா, அதுல இனிமே வராது. நான் மாத்திட்டேன். வாப்பா எழுதுறது இங்க வராது, நீங்க எழுதுறதும் அங்க போவாது. கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க உம்மா. எனக்கு வெக்கமாப் போயிடுச்சு."

"எப்ப மாத்துன?"

"அந்த சனிக்கெழம. காலைல."

ஜஸீலா திட்டவில்லை. சனிக்கிழமை காலையில். அவள் எழுதியது சாயங்காலம். அப்படியென்றால் அவள் சொன்னது போகவேயில்லை. பத்து நாளாக அவன் அங்கே 'ம' என்று அடித்துப் பார்த்துப் பார்த்து, இவள் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்படி நினைத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை கேட்டான், வேற ஒண்ணும் சொல்லணுமா என்று.

எழுந்து கூடத்துக்குப் போனாள். அப்துல் வஹாப் ஈசிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெஹராஜ் பேகம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஷெல்ஃபில் சார்ஜில் கிடந்த போனைப் பிடுங்கினாள். யாரையும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் சார்ஜாவுக்குப் போன் போவதென்றால் அந்த வீட்டில் யாராவது மௌத்தாகியிருக்க வேண்டும்.

"என்னாச்சு?" என்று பதறிக்கொண்டு எடுத்தான் சமீர். பின்னால் கம்பெனிக் கிடங்கில் சரக்குப் பெட்டி இறக்கும் சத்தம். "மாமாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"வந்துடுங்க" என்றாள் ஜஸீலா.

பேப்பர் இறங்கியது. கீரை ஆய்ந்த கை நின்றது.

"மச்சான், வந்துடுங்க. நான் எழுதினேன். சனிக்கெழமையே எழுதினேன். அது போவல. நீங்க வேணும்னு எழுதினேன். கையெழுத்து போடாதீங்க."

பெட்டி இறக்கும் சத்தம் தூரமாயிற்று. அவன் எங்கேயோ நடந்து போனான்; ஒரு கதவு சாத்தும் ஓசை வந்தது.

"இப்பதான் போட்டேன் புள்ள" என்றான். "இங்கத்த நேரம் ஒம்போது மணிக்கு. நீ ஒண்ணும் சொல்லலையா, அதான் சரின்னு..."

அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். இரண்டு வருடம். அழுகை வந்தது. வாப்பா முன்னால் அழக்கூடாது என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை, அழுதாள்.

"ஜஸீலா."

"ம்."

"என்ன சொன்ன? இன்னொரு தரம் சொல்லு."

அப்துல் வஹாப் பேப்பரை மடித்து ஈசிச்சேரில் வைத்தார். எழுந்து தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெஹராஜு, துப்பட்டிய எடு. கடத்தெரு வரைக்கும் போயிட்டு வருவோம்."

"இந்த வெயில்லயா? கீர..."

"கீர இருக்கட்டும். ஆசியா, நீயும் வா."

மூன்று ஜோடிச் செருப்புச் சத்தம் வாசல் வரை போயிற்று. கதவு சாத்தப்பட்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்தக் கூடத்தில் ஜஸீலாவும் போனும் மட்டும் இருப்பது அதுதான் முதல் தடவை. சார்ஜ் நிறைய இருந்தது.

"வந்துடுங்க மச்சான்" என்றாள். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னாள். இரண்டு வருடத்துக்கு அவனால் வர முடியாது என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"இன்னும் ஒரு தரம்" என்றான் சமீர்.